கெட்டிலில் பூத்த உப்பு: புளியா, எலுமிச்சையா, வினிகரா, சிட்ரிக் பொடியா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் செம்மண்டலத்துக்கு வீடு மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன், வரவில்லை. நகத்தால் சுரண்டினேன், செதிள் செதிளாகக் கொஞ்சம் பெயர்ந்தது. காலை டீயில் மிதந்ததும் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. பால்தான் திரிந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு நாளாகப் பால்காரரிடம் முகம் கொடுக்காமல் இருந்தேன். பாவம் அவர்.

எங்கள் வீட்டில் சமையல் மனைவியும் அத்தையும். பாத்திரம் என் பங்கு. எதில் உப்பு பூத்தாலும் அது என் தலையில்தான் விடியும். கெட்டில், இட்லிப் பானை, சிங்க் குழாய், காபி பில்டரின் பொடி ஓட்டைகள் என்று ஒவ்வொன்றாக வெளுக்க ஆரம்பித்ததும் யோசனைகளும் வர ஆரம்பித்தன. அத்தை சொன்னார்: "இதுக்கெல்லாம் காசு செலவு பண்ணாதீங்க மாப்பிள்ளை, புளியைப் போட்டு ஊற வெச்சாப் போயிடும்." சேதராப்பட்டில் இருக்கும் கொழுந்தியாள் போனில், "மாமா, வினிகர் ஊத்தி வைங்க, எங்க வீட்ல அதான்" என்றாள். அலுவலகத்தில் ஒருவர் சோடா உப்பும் எலுமிச்சையும் கலந்து பொங்க விடச் சொன்னார். மாடி வீட்டு அண்ணன் மட்டும் சுருக்கமாக முடித்தார்: "பாத்ரூம் ஆசிட்டு இருக்குல்ல, தம்பி?"

ஆசிட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான்கைந்து மாதம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு கனத்துக்குப் படிந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். அதைப் பார்க்காமல் நான் செய்த ஒரு காரியத்தின் அடையாளம் சமையல் மேடையில் இன்னும் இருக்கிறது. அந்தக் கதை பின்னால்.

படிவது என்ன

"போர் தண்ணி உப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, சோற்றுக்குப் போடும் உப்பின் இனம். கடலை ஒட்டிய தெருக்களில் வாயில் வைத்தால் கரிக்கிறதே, அது. பாத்திரத்தில் காய்ந்து நின்றாலும் ஈரத்துணி பட்டால் போய்விடும். இன்னொன்று சுண்ணாம்பு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. போகிற வழியில் சுண்ணாம்பு கிடைத்தால் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னோடு கொண்டுவருகிறது. கண்ணுக்குத் தெரியாது. அடுப்பில் ஏற்றியதும் வாயு பறந்துவிடும், சுண்ணாம்பு மறுபடி கல்லாகி அடியில் உட்கார்ந்துவிடும். கால்சியம் கார்பனேட் என்பது அதுதான். புளிப்பு கரைத்துக் கொண்டுவந்ததை வெறும் தண்ணீர் திரும்பக் கரைக்காது, புளிப்பேதான் வேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர், மோர் என்று வீட்டு வைத்தியம் அத்தனையும் புளிப்புச் சாமானாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் இதில் வித்தியாசம் உண்டு. புதுச்சேரிக்கு வடமேற்கே சேதராப்பட்டு, வழுதாவூர்ப் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதில் கிளிஞ்சல் படிமங்கள் கிடைப்பதை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புவியியலாளர்கள் எழுதிவருகிறார்கள். கிரெட்டேசியஸ் காலத்துப் பாறை. குறைந்தது ஆறரைக் கோடி ஆண்டுப் பழசு. கொழுந்தியாள் வீட்டு கெட்டிலில் படிவது எந்தக் காலத்துக் கடல்பிராணியின் ஓடோ என்று ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் எனக்கு டீ போட்டால் "நத்தை டீ" என்றுதான் நீட்டுகிறாள். கடலூர்ப் பக்கம் தண்ணீர் ஊறுவது பெரும்பாலும் மணற்கல்லில். கடலூர் மணற்கல் என்று இந்த ஊர்ப் பெயரையே புவியியலில் சூட்டிக்கொண்ட பாறை அது. மணற்கல் ஆயிற்றே என்று நிம்மதியாக இருக்க முடியாது. போர் எவ்வளவு ஆழம், கடல் எவ்வளவு கிட்டம் என்பதைப் பொறுத்துத் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறுகிறது. முத்தியால்பேட்டையில் அரசுக் குழாய்த் தண்ணீர் குடித்துப் பழகிய எங்கள் கெட்டில், செம்மண்டலத்து போர் தண்ணீரில் இரண்டே மாதத்தில் வெளுத்தது அப்படித்தான்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள டி.டி.எஸ். பேனாவை நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாகக் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. அதைவிட ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சாதாரண சோப்புக் கட்டியில் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். நுரை வராமல் தயிர் மாதிரித் திரிதிரியாக வந்தால் கடினநீர். சலவைப் பொடியில் இந்தச் சோதனை சரிவராது, சோப்பாகத்தான் இருக்க வேண்டும். எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. அந்த வெள்ளைச் செதிள் வயிற்றுக்குள் போனதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தண்ணீர் கொதிக்க நேரமாகும், கெட்டிலின் ஆயுளும் குறையும். டீயும் பார்க்க நன்றாக இருக்காது.

இன்னொன்று: வேலையைத் தொடங்குமுன் வெள்ளைப் படிவின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். மெல்லிசாகப் பொரிந்து குமிழ் விட்டால் சுண்ணாம்பு, இந்தக் கட்டுரையில் சொல்வது எல்லாம் வேலை செய்யும். அசைவே இல்லையென்றால் அது வேறு. கண்ணாடி டம்ளரில் நாள்பட்டுப் படரும் மங்கல் பல சமயம் கறையே இல்லை, கண்ணாடியே அரிபட்டது. அதற்கு எதை ஊற்றினாலும் வீண்.

ஒரு காகிதக் கணக்கு

பத்தாம் வகுப்பு வேதியியலைத் தூசி தட்டி ஒருநாள் கணக்குப் போட்டேன். எங்கள் கெட்டிலில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கொதிக்கும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை என்றும், அதில் பாதி அடியில் ஒட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 12 கிராம் சுண்ணாம்பு. ஒரு கைப்பிடி கோலமாவுகூட இல்லைதான். ஆனால் இதைக் கரைக்க எவ்வளவு புளிப்பு வேண்டும் என்று பாருங்கள்.

சிட்ரிக் அமிலப் பொடி 10 கிராம், சுமார் 7 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம்; 100 மில்லி ஊற்றினால் மூன்றரை கிராமுக்கும் குறைவாகவே கரையும். சுமாரான ஓர் எலுமிச்சம்பழத்தில் 20 மில்லி சாறு, அதில் சிட்ரிக் அமிலம் 1 கிராம் என்று வைத்தால், ஒரு பழம் முக்கால் கிராமைக் கரைப்பதே பெரிது. ஆக, பத்து எலுமிச்சம்பழம், 200 மில்லி வினிகர், இரண்டு டீஸ்பூன் சிட்ரிக் பொடி மூன்றும் ஏறக்குறைய ஒரே பலம். எங்கள் மாதக் கணக்குக்கு 17 கிராம் பொடி போதும். வினிகரென்றால் 360 மில்லி, அரை பாட்டிலுக்கு மேல். எலுமிச்சையென்றால் பதினேழு பழம். சித்திரை வெயிலில் ஒரு பழம் பத்து ரூபாய்க்கு விற்கும்போது பதினேழு பழத்தைக் கெட்டிலுக்குப் பிழிகிறேன் என்று சொன்னால் அத்தை என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

இது காகிதத்தில் வருகிற அளவுதான். நடைமுறையில் ஒன்றரை மடங்காவது போட வேண்டியிருக்கிறது, கடைசியாக ஒட்டியிருப்பது அவ்வளவு லேசில் விடாது. இருந்தாலும் எது எதற்குத் தாங்கும் என்பது இந்தக் கணக்கிலேயே பாதி தெளிந்துவிட்டது.

சிட்ரிக் பொடி

கேக், ஐஸ்கிரீம் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் சிலர் எடுத்துத் தருவார்கள். நான் கடைசியாக வாங்கிய 100 கிராம் பொட்டலம் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. கணக்குப்படி எங்கள் கெட்டிலுக்கு நான்கைந்து மாதம் வரும். வாடை கிடையாது. கெட்டிலைப் பொறுத்தவரை இதை மிஞ்ச வேறொன்று இல்லை என்பது என் முடிவு.

செய்முறையில் ஒரே ஒரு இடத்தில் வழுக்கிவிழலாம், நான் விழுந்தேன். முதல் தடவை, சூடாக இருந்தால் சீக்கிரம் கரையும் என்று அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். முதலில் நுரைத்தது, சந்தோஷம். ஆறிய பிறகு பார்த்தால் அடியில் வேறொரு வெள்ளை, மாவு மாதிரி, வழுவழுவென்று. சுண்ணாம்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தால் வருவது கால்சியம் சிட்ரேட். அது தண்ணீரில் அதிகம் கரையாதது. சூடு ஏற ஏற இன்னும் குறைவாகக் கரையும். கொதிக்கவைத்தும், பொடியைக் குறைத்தும் நானே அதைப் படியவைத்திருக்கிறேன். இப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடி. தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, கெட்டிலை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் பிறகு பொடியைப் போட்டு அரைமணி நேரம் விட்டுவிடுகிறேன். பிறகு கொட்டிக் கழுவி, ஒரு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டினால் தீர்ந்தது. பொடியை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் ரசத்துக்குள் போய்விட்டது. உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ரசம்தான் பல் கூசியது.

வினிகர்

பலத்தில் பொடியின் பக்கத்தில் நிற்க முடியாது, வாடையோ தாங்க முடியாது. சூடான கெட்டிலில் ஊற்றிய அன்று வீடே ஊறுகாய் ஜாடிக்குள் புகுந்தது போலிருந்தது. மூடியின் பிளாஸ்டிக் மூன்று நாள் வாடையை விடவில்லை. அப்படியிருந்தும் நான் ஒரு பாட்டில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வினிகரும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் கால்சியம் அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரைந்துவிடும். பின்னால் மாவு படியும் தொல்லை இல்லை, அலசினால் சுத்தம்.

அதனால் குழாய்க்கு வினிகர்தான். சிங்க் குழாயின் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் வெள்ளைக் காரைக்கு, பழைய பனியன் துணியை வினிகரில் நனைத்துச் சுற்றி அரைமணி நேரம் விட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிர்ந்தது. இரவு முழுக்க விட வேண்டாம், மேல்பூச்சு மங்கிப்போகும். குழாய் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையைத் திருகிக் கழற்றி ஒரு டம்ளர் வினிகரில் போட்டு வைத்தால், தண்ணீர் நாலாபக்கமும் தெறிப்பது நின்று நேராக விழும். ஆப்பிள் வினிகர் வாங்கக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சுண்ணாம்புக்கு ஆப்பிளும் ஒன்றுதான், சாதா பாட்டிலும் ஒன்றுதான்.

எலுமிச்சையும் புளியும்

இவை இரண்டையும் விலை கொடுத்து வாங்கி உப்புக் கறைக்குச் செலவழிப்பது வீண். ஆனால் இவை இரண்டும் சமையலில் மிச்சமாக விழுகின்றன. கணக்கே அங்கே மாறிவிடுகிறது.

பிழிந்த எலுமிச்சை மூடியால் அன்றன்றைக்குக் குழாயையும் சிங்கையும் ஒரு தேய் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசினால், மெல்லிசாகப் படிந்தது அன்றே போய்விடும். காரை கட்டும்வரை விட்டுவைத்தால் மூடியால் ஆகாது. உப்பைத் தொட்டுத் தேய்த்தால் இன்னும் நன்றாகப் போகும்தான், ஆனால் எவர்சில்வர் மேல் உப்பும் புளிப்பும் சேர்த்து ஊறவிடாதீர்கள், புள்ளி விழும்.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பித்தளை, செம்பு மேலிருக்கும் களிம்பை எடுப்பதில் அதற்கு ஈடு கிடையாது. சுண்ணாம்பில் அப்படி இல்லை. இரண்டும் சேர்ந்து வரும் கால்சியம் டார்டரேட்டும் தண்ணீரில் லேசில் கரையாத ரகம். அத்தை சொன்னபடி ஒரு எலுமிச்சையளவு புளியைக் கரைத்து கெட்டிலில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் வெள்ளை குறைந்திருந்தது, போகவில்லை. பழுப்பாக ஒரு வளையம் கூடுதலாகக் கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தையே எட்டிப் பார்த்துவிட்டு, "புதுப் புளி, அதான்" என்றார்.

ஆனால் இட்லிப் பானை விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பானை அலுமினியம். போர் தண்ணீர் ஊற்றி இட்லி வைத்தால் உள்ளே கறுக்கும், தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் வெள்ளைக் கோடும் விழும். அத்தை ரசத்துக்குக் கரைத்த புளிச்சக்கையை ஒரு சிட்டிகை அந்தத் தண்ணீரில் போட்டுவிடுவார். கறுப்பும் இல்லை, கோடும் இல்லை. எலுமிச்சை மூடியைப் போட்டாலும் இதே பலன். குக்கரில் பருப்பு வேகவைக்கும்போதும் அடித் தண்ணீரில் இப்படிப் போடும் வழக்கம் நம்மூரில் பல வீடுகளில் உண்டு. தண்ணீரின் காரத்தன்மையை அந்தக் கொஞ்சம் புளிப்பு முறித்துவிடுகிறது, சுண்ணாம்புக்குப் படிய வாய்ப்பே வருவதில்லை. படிந்ததை எடுப்பதில் சிட்ரிக் பொடியிடம் தோற்ற புளி, படியவிடாமல் தடுப்பதில் ஜெயித்துவிட்டது. அதுவும் எறியப்போகும் சக்கையை வைத்து.

புளித்த மோரையும் சிலர் சொல்வார்கள். அதிலிருக்கும் லாக்டிக் அமிலம் மிகக் குறைவு, வாடை மிக அதிகம். பித்தளைக் குத்துவிளக்கோடு அதை விட்டுவிடலாம்.

பொங்குவதும் புகைவதும்

சோடா உப்பையும் எலுமிச்சையையும் கலந்து பொங்கவிடும் முறை பார்க்க அழகாக இருக்கும், வீடியோக்களில் பிரபலமும்கூட. சோடா உப்பு காரம், எலுமிச்சை அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்ந்துபோகும் சத்தம்தான் அந்த நுரை. சுண்ணாம்புக்கு வேலை செய்ய வேண்டிய அமிலம் சோடாவோடு சண்டையிலேயே செத்துவிடுகிறது. மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். பளபளப்பு வந்தது போலத் தெரிந்தால் அது சோடாவின் நறநறப்பில் தேய்த்ததால் வந்தது.

ஆனாலும் சோடா உப்பைத் தள்ளிவைக்காதீர்கள். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸ், சிங்கின் ஓரம், காபி பில்டர் இங்கெல்லாம் சுண்ணாம்பு தனியாக இருப்பதில்லை. எண்ணெய்ப்பசை அதற்கு மேல் போர்வை போர்த்தியிருக்கும். அமிலம் அந்தப் பசைக்குள் இறங்காது. எங்கள் பில்டரில் டிகாக்ஷன் இறங்க அரைமணி நேரமானபோது சிட்ரிக் கரைசலில் ஊறவைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதலில் சூடான சோடாத் தண்ணீரில் ஊறவைத்துக் காபிப் பிசுக்கை எடுத்து, நன்றாகக் கழுவி, அதன்பின் சிட்ரிக் கரைசலில் போட்டேன். ஓட்டைகள் திறந்துகொண்டன. முதலில் காரம், நடுவில் கழுவல், பிறகு புளிப்பு. சேர்த்துப் போட்டால் இரண்டு காசும் நஷ்டம்.

பாத்ரூம் ஆசிட் சமையலறைக்கே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கண் இமைப்பதற்குள் கரைக்கும், உண்மைதான். கூடவே எவர்சில்வரையும் அரிக்கும். இந்த வீட்டு சிங்கில் நாங்கள் வரும்போதே கரும்புள்ளிகளும் துருப் பிடித்த சின்னக் குழிகளும் இருந்தன. முன்பு குடியிருந்தவர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்களாம். குழி விழுந்த இடத்தில் அழுக்கு தங்கும், திரும்பத் திரும்பத் துருவேறும். இதைவிடப் பெரிய ஆபத்து பிளீச்சிங் பவுடர். தொட்டியில், சிங்கில் பிளீச்சிங் போட்டிருக்கும் இடத்தில் எந்த அமிலம் பட்டாலும், வினிகரே பட்டாலும், குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சின்னச் சமையலறையில் அது விளையாட்டில்லை.

கடைகளில் கெட்டிலுக்கென்றே விற்கும் திரவங்களும் பொடிகளும் இருக்கின்றன. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் முதல் பெயரே சிட்ரிக் அமிலமாக இருக்கும்.

எதன் மேல் படிந்திருக்கிறது

இப்போது அந்த மேடைக் கதை.

குழாய்க்கு வினிகர் துணி கட்டி ஜெயித்த உற்சாகத்தில் இருந்தேன். மறுநாள் இரவு, குழாயடியில் மேடையின் மேலும் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு இருப்பதைப் பார்த்து, அதே துணியை நனைத்து அங்கே விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் திட்டு இல்லை. துணி எவ்வளவு இடத்தில் கிடந்ததோ அவ்வளவு இடமும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. தேய்த்தேன், எண்ணெய் தடவினேன். தடவிய அன்று கறுப்பாகத் தெரிந்தது, மறுநாள் பழையபடி.

மேடை கடப்பாக் கல். கறுப்பாக இருப்பதால் கிரானைட்டின் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சுண்ணாம்புக்கல் இனம். அதாவது, கெட்டிலில் எதைக் கரைக்க ஊற்றினோமோ அதே பொருளால் ஆனது. வினிகருக்குக் காரை எது, கல் எது என்று தெரியுமா? மேலே இருந்த உப்புத் திட்டைத் தின்றுவிட்டு அப்படியே மேடையின் பாலிஷையும் தின்றிருக்கிறது. அது கறை இல்லை என்பதால் எதைப் போட்டும் எடுக்க முடியாது. கல் பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். நம்மூர்ப் பழைய வாடகை வீடுகளில் மேடையும் அலமாரித் தட்டும் பெரும்பாலும் கடப்பாதான் என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். மார்பிளும் அப்படித்தான். மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுகள்தான் பதித்திருக்கும். கிரானைட் பொதுவாகத் தாங்கும். சந்தேகமாக இருந்தால் அடுப்புக்கடியில் மறைவான ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கினால் அந்த மேடையில் புளிப்பு எதுவும் கூடாது. சோப்புத் தண்ணீர், மெல்லிய பிளாஸ்டிக் சுரண்டி, பொறுமை, அவ்வளவுதான்.

மற்றவற்றுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பாத்ரூம் ஆசிட்டும் உப்பு கலந்த புளிப்பும் தவிர மற்றதையெல்லாம் எவர்சில்வர் தாங்கும், கழுவாமல் விடக்கூடாது. அலுமினியத்தில் சிட்ரிக்கோ வினிகரோ பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், பொரிப்பொரியாகிவிடும். இரும்பு தோசைக்கல்லில் அறவே கூடாது, இத்தனை நாள் பழக்கி வைத்த எண்ணெய் வாகு ஒரே கழுவலில் போய்விடும். ஆர்.ஓ. இயந்திரம், கீசர் உள்பக்கம் இவற்றில் கை வைக்காமல் மெக்கானிக்கை அழைப்பதே லாபம்.

வராமல் பார்த்துக்கொள்ள

கெட்டிலில் இப்போது ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோதான் ஊற்றுகிறோம். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி பொடி போதுமானதாக இருக்கிறது. இங்கே ஒரு தப்பு நடக்கும்: ஆர்.ஓ.விலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பாத்திரம் அலசப் பிடித்து வைப்போம். இயந்திரம் வடிகட்டித் தள்ளிய சுண்ணாம்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிடக் கடினம். செடிக்கோ கழிவறைக்கோ ஊற்றலாம், எவர்சில்வர் தட்டை அதில் அலசினால் காய்ந்ததும் கோலம் போட்டிருக்கும். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும், சுண்ணாம்பைக் குறைக்காது. இரவில் கெட்டிலைக் காலி செய்து கவிழ்த்து வைப்பதும், சிங்க் குழாயைக் கடைசியாக ஒரு துணியால் ஒற்றிவிடுவதும் சின்ன வேலைதான், ஆனால் பாதிப் பிரச்சினை அதிலேயே குறைகிறது. தண்ணீர் நின்று காய்கிற இடத்தில்தானே படிகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடிக்கும்போது வேறு கதை. முதல் மழையில் தளம் கழுவிப் போக விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்து வைத்தோம். சோப்பைத் தொட்டால் கை வழுக்குகிறது, நுரை போக மாட்டேன் என்கிறது. கழுவிக் கவிழ்த்த டம்ளரில் ஒரு புள்ளி கிடையாது. அந்த ஒன்றரை மாதம் சிட்ரிக் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மேடையில் மங்கிய இடத்தின் மேல் இப்போது மிக்சியைத் தூக்கி வைத்திருக்கிறோம். வாடகை வாங்க வரும் வீட்டு உரிமையாளர் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் திரும்பினாலே, அத்தை முந்திக்கொண்டு சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.